ஜப்பான் கொண்டாடிய மல்லர்... கடைசிவரை சொல்லாத சொந்த ஊர்!

1954, பிப்ரவரி 19. டோக்கியோவின் ஷிம்பாஷி ரயில் நிலையத்துக்கு வெளியே நிற்க இடமில்லை. நல்ல குளிர். வேலை முடிந்து ரயில் பிடிக்க வேண்டியவர்கள் யாரும் நகர்வதாக இல்லை. எல்லோருடைய கண்களும் உயரத்தில் பொருத்தியிருந்த ஒரு சின்னப் பெட்டியின் மேல்தான். அதற்குள் கறுப்பு நிற நீளக் கால்சட்டை போட்ட ஒருவர், தன்னைவிட ஒரு தலை உயரமான வெள்ளைக்காரரின் மார்பில் விரித்த கையின் விளிம்பால் ஓங்கி ஓங்கி வெட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வெட்டுக்கும் தெருவே அதிர்ந்தது.

பெட்டி, தொலைக்காட்சிப் பெட்டி. ஜப்பானில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. 1953 பிப்ரவரியில் என்.எச்.கே. ஒளிபரப்பைத் தொடங்கியபோது நாடு முழுவதும் கணக்கில் இருந்த பெட்டிகள் வெறும் 866. ஒரு பெட்டி வாங்க, சாதாரணச் சம்பளக்காரர் ஒருவர் பல மாதச் சம்பளத்தை அப்படியே எடுத்து வைக்கவேண்டும். தனியார் நிறுவனமான நிப்பான் டிவி ஒரு யோசனை செய்தது. ரயில் நிலையம், பூங்கா, கடைத்தெரு என்று மக்கள் கூடும் இடங்களிலெல்லாம் தன் செலவில் பெட்டிகளைப் பொருத்தியது. அந்தப் பெட்டிகள் முன்னால் ஜப்பானை மொத்தமாக நிறுத்தி வைத்தவர்தான் கறுப்புக் கால்சட்டைக்காரர். பெயர் ரிக்கிடோசான்.

உலகப் போரில் தோற்று, ஏழு வருடங்கள் அமெரிக்க ராணுவத்தின் ஆளுகையில் இருந்து, 1952 ஏப்ரலில்தான் ஜப்பான் மீண்டும் சுதந்திர நாடாகியிருந்தது. தெருவில் அமெரிக்கச் சிப்பாயைக் கண்டால் ஒதுங்கி நடந்த ஜனங்கள் அவர்கள். அவர்கள் கண்ணெதிரே ஒரு ஜப்பானியர், இரண்டு அமெரிக்க மலைகளை அடித்துச் சாய்க்கிறார் என்றால் எப்படி இருந்திருக்கும்? பெரியவர்கள் கண்ணீர் விட்டார்கள். பையன்கள் மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒருவரையொருவர் கையால் வெட்டிக்கொண்டார்கள்.

இதில் இரண்டு சங்கதிகள் அந்தக் கூட்டத்துக்குத் தெரியாது. அந்த 'அமெரிக்கர்கள்' அமெரிக்கர்களே இல்லை. பென் ஷார்ப், மைக் ஷார்ப் என்ற அந்தச் சகோதரர்கள் கனடாவின் ஹாமில்டன் நகரத்தில் பிறந்தவர்கள். போகட்டும், அது சின்ன விஷயம். இரண்டாவதுதான் பெரியது. அந்த ஜப்பானிய வீரர் பிறந்ததும் ஜப்பானில் இல்லை. அவர் கொரியர்.

கிம் சின்-ராக்

கொரிய தீபகற்பத்தின் கிழக்குக் கரையோரம், தெற்கு ஹாம்கியோங் மாகாணத்தில் ஹோங்வோன் என்று ஓர் ஊர். பெயரில்தான் தெற்கு, இன்றைக்கு அது வட கொரியாவில் இருக்கிறது. 1924 வாக்கில் அங்கே பிறந்த கிம் சின்-ராக்தான் பின்னாளைய ரிக்கிடோசான். கொரியா அப்போது ஜப்பானின் காலனி. ஊர்த் திருவிழாக்களில் 'சிரும்' என்ற கொரிய மல்யுத்தம் நடக்கும். இடுப்பில் கட்டிய துணியைப் பிடித்து எதிராளியை மணலில் சாய்ப்பது அதன் ஆட்டம். சின்-ராக் அதில் கெட்டிக்காரர். ஜப்பானிலிருந்து வந்த ஒரு சுமோ ஆர்வலர் கண்ணில் பட்டார். மோமோடா என்ற அந்த மனிதருக்கு நாகசாகி பக்கத்து ஒமுரா சொந்த ஊர். அவர் மூலம் பையன் டோக்கியோவின் நிஷோனோசெகி சுமோ கூடத்துக்கு வந்து சேர்ந்தார். 1940ல் முதல் போட்டி. அப்போது கிடைத்த கோதாப் பெயர்தான் ரிக்கிடோசான். 'வலிமை', 'வழி', 'மலை' என்ற மூன்று எழுத்துகள் சேர்ந்தது அந்தப் பெயர்.

சுமோ கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவன் பாடு திண்டாட்டம். விடியுமுன் எழவேண்டும், மூத்தவர்களுக்குச் சமைக்கவேண்டும், அவர்கள் சாப்பிட்ட மிச்சத்தைத்தான் சாப்பிடவேண்டும். எல்லாப் பையன்களுக்கும் உள்ள கஷ்டம் இது. சின்-ராக்குக்குக் கூடுதலாக ஒன்று இருந்தது. சுமோ வீரர்களின் தரவரிசைப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் ஊரையும் எழுதுவார்கள். ஆரம்பத்தில் அவர் பெயரோடு 'கொரியா' என்று இருந்தது. மேலே ஏற ஏற அது 'நாகசாகி' ஆகிவிட்டது.

நன்றாகத்தான் ஏறினார். 1947 ஜூன் போட்டியில் முதலிடத்துக்குச் சமமாக வந்து, தீர்வு ஆட்டத்தில்தான் விட்டார். 1949ல் செகிவாகே தரத்தைத் தொட்டார். யோகோசுனா, ஓசெகி இரண்டுக்கும் அடுத்த படி அது. இன்னும் இரண்டு படி ஏறினால் உச்சி. அந்த நிலையில் 1950ல் ஒரு நாள், கத்தியை எடுத்துத் தன் குடுமியைத் தானே அறுத்துக்கொண்டார்.

சுமோவில் குடுமி என்பது வெறும் முடி அல்ல. விடைபெறும் வீரரின் குடுமியை, சபை கூடி, வேண்டியவர்கள் ஆளுக்கொரு வெட்டாக வெட்டிக் கடைசியில் குரு அறுத்து எடுப்பார். அதைத் தனியாக ராத்திரியில் தானே அறுத்துக்கொண்டவர் என்றால், உள்ளுக்குள் எவ்வளவு கொதித்திருக்கவேண்டும்! ஏன் செய்தார் என்பதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். நுரையீரல் நோயில் படுத்தபோது கூடம் கைவிட்டது என்பார்கள். கூடத்தின் தலைவரோடு பணத் தகராறு என்பார்கள். கொரியருக்கு உச்சிப் படி கிடைக்காது என்று புரிந்துகொண்டார் என்பார்கள். மூன்றும் சேர்ந்தே இருந்திருக்கலாம். அவர் வாயால் மூன்றாவதைச் சொன்னதில்லை.

அடுத்து ஒரு கட்டட நிறுவனத்தில் மேற்பார்வை வேலை. அந்தச் சமயத்தில்தான் ஜப்பானியக் குடும்பப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறியது. மோமோடா மிட்சுஹிரோ, பிறந்த இடம் நாகசாகி. காலத்தைக் கவனிக்கவேண்டும். 1952 ஏப்ரலில் ஜப்பான் சுதந்திரம் பெற்ற அன்றே, ஜப்பானில் வாழ்ந்த லட்சக்கணக்கான கொரியர்கள் ஒரே நாளில் ஜப்பானியக் குடியுரிமையை இழந்தார்கள். ரிக்கிடோசான் அதற்குள் காகிதத்தில் ஜப்பானியராகிவிட்டிருந்தார். அந்தக் காகிதம் இல்லையென்றால் பாஸ்போர்ட் இல்லை. பாஸ்போர்ட் இல்லையென்றால் ஹவாய் இல்லை. ஹவாய் இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை.

ஹவாயில் கற்ற பாடம்

1951 இலையுதிர் காலத்தில் பாபி பிரன்ஸ் என்ற அமெரிக்க மல்லர் ஒரு குழுவோடு டோக்கியோவுக்கு வந்தார். அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பொழுதுபோக்கு, தர்ம காரியத்துக்கு நிதி என்று ஏற்பாடு. குழுவில் ஹரால்டு சகாட்டா என்பவரும் இருந்தார். ஜேம்ஸ் பாண்ட் ரசிகர்களுக்கு இவரைத் தெரியும். 'கோல்டுஃபிங்கர்' படத்தில் இரும்பு விளிம்பு வைத்த தொப்பியை வீசித் தாக்குவாரே, அந்த ஆட்ஜாப் இவர்தான். ஹவாயில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர், 1948 ஒலிம்பிக்கில் பளுதூக்கி வெள்ளி வாங்கியவர். பிரன்ஸும் சகாட்டாவும் வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த முன்னாள் சுமோ வீரரைத் தங்கள் தொழிலுக்கு இழுத்தார்கள்.

அக்டோபர் 28 அன்று பிரன்ஸோடு பத்து நிமிட ஆட்டம். வெற்றி தோல்வி இல்லை. ஆனால், ரிக்கிடோசானுக்கு மூச்சு முட்டிவிட்டது. சுமோவில் ஓர் ஆட்டம் சில விநாடிகளில் முடிந்துவிடும். பத்து நிமிடம் ஓடியாடிப் பழக்கமே இல்லை.

1952 பிப்ரவரியில் ஹொனலூலுவுக்குப் புறப்பட்டார். ஒகி ஷிகினா என்ற மூத்த மல்லர் அவரைப் பழக்கினார். மணலில் ஓட்டம், எடைப் பயிற்சி, கயிற்றில் மோதித் திரும்பும் உத்தி. அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ. ஒரு வருடத்துக்கு மேல் அமெரிக்கக் கோதாக்களில் அடியும் உதையுமாகக் கழிந்தது.

தொழில்முறை மல்யுத்தத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாகவேண்டும். டபிள்யூ.டபிள்யூ.இ. பார்க்கும் இன்றைய பிள்ளைகளுக்கு இது தெரிந்த ரகசியம்தான். யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டுதான் கோதாவில் இறங்குவார்கள். விழும் அடி நிஜம், வலி நிஜம், முடிவு மட்டும் ஏற்பாடு. அன்றைய அமெரிக்காவில் ஜப்பானிய முகம் உள்ள மல்லருக்கு ஒரே ஒரு வேடம்தான் கிடைக்கும்: வில்லன். குனிந்து வணக்கம் சொல்வார், எதிராளி திரும்பியதும் கண்ணில் உப்பைத் தூவுவார். அமெரிக்க மண்ணிலேயே பிறந்த கிரேட் டோகோ இந்த வேடத்தில் கொழித்தார். போரின் கசப்பு ஆறாத ஜனங்கள் காசு கொடுத்து வந்து அவரைத் திட்டிவிட்டுப் போனார்கள்.

ரிக்கிடோசான் அதைப் பார்த்தார். அப்படியே திருப்பிப் போட்டால்? அமெரிக்கர் வில்லன், முறைகேடாக அடிக்கிறார், கழுத்தை நெரிக்கிறார், பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஜப்பானியர் கடைசியில் கைவெட்டால் பதில் சொல்கிறார். சுமோவில் பழகிய உள்ளங்கை அடியை மாற்றி 'கராத்தே சாப்' என்று பெயர் வைத்தார். 1953ல் ஊர் திரும்பி ஜப்பான் மல்யுத்தச் சங்கத்தைத் தொடங்கினார். ஷார்ப் சகோதரர்களை வரவழைத்தார். ஷிம்பாஷியில் தெரு அதிர்ந்தது அதன் பிறகுதான்.

மல்யுத்தத் தொழிலே ஒரு ரகசியத்தைக் காப்பாற்றி வாழ்வது. இவர் இரண்டைக் காப்பாற்றவேண்டியிருந்தது.

கிமுராவுக்கு விழுந்த அடி

ஷார்ப் சகோதரர்களுக்கு எதிராக ரிக்கிடோசானின் ஜோடி மசாஹிகோ கிமுரா. ஜூடோவில் அவர் ஒரு சகாப்தம். 1951ல் பிரேசிலின் மரக்கானா மைதானத்தில் எலியோ கிரேஸியின் கையை முறித்து ஜெயித்தவர். அந்தப் பிடிக்கு இன்றுவரை 'கிமுரா' என்றே பெயர். நிஜச் சண்டை என்று வந்தால் ரிக்கிடோசான் அவர் முன் நிற்பாரா என்பது அன்றைக்கே பலருக்கும் இருந்த சந்தேகம்.

ஆனால், ஜோடி ஆட்டத்தில் கிமுராவுக்குக் கிடைத்த பாத்திரம் அடி வாங்குவது. அவர் துவண்டு கையை நீட்டுவார், ரிக்கிடோசான் உள்ளே பாய்ந்து எல்லோரையும் வெட்டிச் சாய்ப்பார், கைத்தட்டல் அவருக்கு. மாதக்கணக்கில் இதே கதை. வெறுத்துப்போன கிமுரா, நேருக்கு நேர் மோதினால் தான் தோற்கமாட்டேன் என்று பத்திரிகையில் சொல்லிவிட்டார். தேசமே பரபரத்தது. 1954 டிசம்பர் 22 என்று நாள் குறித்தார்கள்.

கிமுரா பின்னாளில் தன் நினைவுகளில் எழுதியதன்படி, அதுவும் பேசி வைத்த ஆட்டம்தான். முதல் போட்டி சமன். இரண்டாவதில் யார் ஜெயிப்பது என்பதைக் கல், காகிதம், கத்தரி போட்டுத் தீர்மானிப்பது. கிமுரா இதை எழுதிக் கொடுத்துவிட்டார். ரிக்கிடோசான் பதிலுக்குத் தர வேண்டிய தாளைக் கொண்டுவரவில்லை.

ஆட்டம் நிதானமாகத்தான் போனது. நடுவில் கிமுராவின் கால் ரிக்கிடோசானின் அடிவயிற்றுப் பக்கம் பட்டது. அவ்வளவுதான். பேச்சு, ஒப்பந்தம் எல்லாம் காற்றில் போயின. முகத்தில் சரமாரியாக அறைகள், கீழே விழுந்தவரின் தலையில் உதை. கிமுரா ரத்தத்தில் கிடந்தார். ரிக்கிடோசான் ஜப்பானின் மல்யுத்தச் சாம்பியன் ஆனார். கோபத்தில் செய்தாரா, முன்பே திட்டமிட்டாரா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். அந்தத் தாளைக் கொண்டுவராமல் போனதை வைத்துப் பார்த்தால், வெறும் கோபம் என்று நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கிமுரா 1993 வரை வாழ்ந்தார். அந்த ராத்திரியை அவர் மன்னிக்கவே இல்லை.

ரிக்கிடோசான் நல்லவரா? சொல்வது கடினம். குடித்தால் கை நீளும், மதுக்கூடங்களில் ரகளை, சீடர்களுக்கு அடி. யாகுசா கும்பல்களின் நிழலிலேயே அந்தத் தொழில் நடந்தது, அவரும் அந்த நிழலில் சௌகரியமாகவே இருந்தார். அதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை.

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி

அடுத்த பத்து வருடங்கள் அவருடையவை. 1955 நவம்பரில் ஆசியப் பட்டத்துக்காக அவரோடு மோதித் தோற்றவர் கிங்காங். நம்மூர்த் தாத்தாக்கள் 'தாராசிங் - கிங்காங்' என்று ஒரே மூச்சில் சொல்வார்களே, அந்தக் கிங்காங்தான். ஹங்கேரியில் பிறந்து சிங்கப்பூரில் குடியேறிய அந்த மாமிச மலை, டோக்கியோவிலும் கர்ஜித்துவிட்டுப் போயிருக்கிறது.

1957 அக்டோபரில் உலகச் சாம்பியன் லூ தெஸ் ஜப்பான் வந்தார். ரிக்கிடோசானின் வழக்கமான சூத்திரம் இங்கே பலிக்காது. தெஸ் வில்லன் வேடம் கட்டுகிறவர் அல்ல. சுத்தமான, தேர்ந்த மல்லர். டோக்கியோவில் 60 நிமிடம், வெற்றி தோல்வி இல்லை. ஒசாகாவில் மறுபடி 60 நிமிடம், அதே முடிவு. பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கிய மனிதருக்கு ஆறே வருடத்தில் இது சாதாரண வளர்ச்சியா? மறு வருடம் லாஸ் ஏஞ்சலஸில் தெஸ்ஸை வென்றதாக அறிவித்து, 'இன்டர்நேஷனல்' பட்டத்தோடு ஊர் திரும்பினார்.

1958லிருந்து வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு நிப்பான் டிவியில் மல்யுத்தம். ஒரு வாரம் மல்யுத்தம், மறு வாரம் வால்ட் டிஸ்னியின் 'டிஸ்னிலேண்ட்' என்று மாற்றி மாற்றி வரும். விளம்பரதாரர் மிட்சுபிஷி. இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் மிட்சுபிஷி வேக்குவம் கிளீனரைக் கொண்டுவந்து கோதாவைப் பெருக்கிக் காட்டுவார்கள். ரத்தம் சிந்திய மேடையில் வீட்டு உபயோகச் சாமான் விளம்பரம்! ஜப்பான் எழுந்து நிற்கத் தொடங்கிய காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைக்காது.

1962 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸில் ஃபிரெடி பிளாஸியை வென்றார். எதிராளியின் நெற்றியைக் கடித்து ரத்தம் வரவழைப்பது பிளாஸியின் பாணி. அடுத்த மாதமே அவர் ஜப்பான் வந்து கிரேட் டோகோவைக் கடித்து ரத்தக்களரி ஆக்கினார். அந்த ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருந்த முதியவர்கள் சிலர் அதிர்ச்சியில் உயிரையே விட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. இதையெல்லாம் வீட்டுக்குள் காட்டலாமா என்று பெரிய சர்ச்சை. 1963 மே 24 அன்று முகமூடி மல்லர் டெஸ்ட்ராயரோடு நடந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் 64 சதவிகிதம். ஜப்பானியத் தொலைக்காட்சி வரலாற்றிலேயே மிக அதிகம் பார்க்கப்பட்ட நிகழ்ச்சிகளில் ஒன்றாக அது இன்றும் இருக்கிறது.

பணம் கொட்டியது. ஷிபுயாவில் 'ரிக்கி ஸ்போர்ட்ஸ் பேலஸ்' என்று ஒரு மாளிகை, அகசாகாவில் அடுக்குமாடிக் குடியிருப்பு, கோல்ஃப் மைதானத் திட்டம். சீடர்களும் சேர்ந்தார்கள். 1960ல் பிரேசிலுக்குப் போனபோது, அங்கே காப்பித் தோட்டத்தில் வேலை செய்த குடும்பத்தைச் சேர்ந்த 17 வயதுப் பையனைப் பார்த்துக் கையோடு கூட்டிவந்தார். அவர்தான் அன்டோனியோ இனோகி. 1976ல் முகமது அலியோடு மோதப்போகிறவர். யோமியூரி ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணியை விட்டு வந்த நெட்டையர், ஜயன்ட் பாபா. இருவருக்கும் முதல் போட்டி 1960 செப்டம்பர் 30, ஒரே நாள்.

அன்றைக்கு இனோகியைத் தோற்கடித்தவர் யார் தெரியுமா? ஓகி கிண்டாரோ. இவரும் கொரியர், இயற்பெயர் கிம் இல். ரிக்கிடோசானைப் போல ஆகவேண்டும் என்ற வெறியில் 1950களின் இறுதியில் திருட்டுத்தனமாகக் கடல் தாண்டி வந்து பிடிபட்டவர். ரிக்கிடோசான் தன் அரசியல் செல்வாக்கைப் பயன்படுத்தி வெளியே எடுத்துச் சீடராக்கிக்கொண்டார். தன் ஊர்க்காரரை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால், அவருக்கும் ஒரு ஜப்பானியப் பெயர்தான்.

பூட்டிய கதவுக்குப் பின்னால்

ஜப்பானியப் பேஸ்பாலின் பெரும்புள்ளி இசாவோ ஹரிமோட்டோவும் கொரிய வம்சாவளி. அவர் அதை மறைத்ததில்லை. ரிக்கிடோசான் வீட்டுக்குப் போனபோது கண்ட ஒரு காட்சியை அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நாடே கொண்டாடிய அந்த மனிதர், அறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, வானொலியில் கொரியப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தாராம்.

அவருடைய சங்கடம் வெறும் வெட்கம் சம்பந்தப்பட்டது அல்ல. ஜப்பானியர் வெள்ளைக்காரரை ஜெயிக்கிறார் என்ற நம்பிக்கையின் மேல்தான் அவருடைய தொழில், தொலைக்காட்சி நிறுவனத்தின் வருமானம், மிட்சுபிஷியின் வியாபாரம் எல்லாமே நின்றுகொண்டிருந்தன. அன்றைய ஜப்பானில் கொரியர் என்று தெரிந்தால் வாடகைக்கு வீடு கிடைப்பதே கஷ்டம். பெரிய நிறுவனத்தில் வேலை, பெண் கொடுப்பது, எடுப்பது எல்லாவற்றிலும் சுவர். விளையாட்டுப் பத்திரிகையாளர்கள் சிலருக்கு உண்மை தெரியும். எழுதவில்லை.

இதற்கிடையே பிறந்த நாடு இரண்டாகப் பிரிந்திருந்தது. ஊர் இருந்தது வடக்கில். அங்கே அவருக்கு ஒரு மகளும் இருந்தார். 1962ல் கிம் இல்-சுங்கின் 50வது பிறந்தநாளுக்கு ரிக்கிடோசான் ஒரு காரைப் பரிசாக அனுப்பினார் என்று வட கொரியா பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. தெற்கும் அவரை விடவில்லை. 1963 ஜனவரியில் தென் கொரியாவின் அழைப்பில் சியோலுக்குப் போனார். எல்லைக் கிராமமான பன்முன்ஜோமுக்குப் போய், உறையும் குளிரில் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு, வடக்கே தன் ஊர் இருந்த திசையைப் பார்த்து ஓங்கிக் கத்தினார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஜப்பானியப் பத்திரிகைகள் இந்தப் பயணத்தைப் பற்றிப் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை.

அதே வருடம் ஜூன் மாதம் திருமணம். மணப்பெண் விமானப் பணிப்பெண்ணாக இருந்தவர். ஊர் மெச்சிய கல்யாணம். ஆறு மாதம்தான்.

டிசம்பர் 8 இரவு. அகசாகாவின் 'நியூ லத்தீன் குவார்ட்டர்' இரவு விடுதி. கழிப்பறைப் பக்கம் ஒரு யாகுசா இளைஞரோடு வாய்த்தகராறு. காலை மிதித்தாய், மிதிக்கவில்லை என்ற அற்பச் சண்டை. ரிக்கிடோசான் அடித்து வீழ்த்த, கீழே கிடந்தவர் கத்தியை எடுத்து வயிற்றில் செருகிவிட்டார். காயம் பெரிதில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அறுவை சிகிச்சை நடந்தது. தேறிவருவதாகச் செய்தி வந்தது. பிறகு வயிற்றுக்குள் அழற்சி. டிசம்பர் 15 அன்று இரண்டாவது அறுவை சிகிச்சை, அன்றிரவே இறந்தார். வயது 39.

டாக்டர் பேச்சைக் கேட்காமல் குளிர்பானம் குடித்தார், அதனால்தான் போனார் என்று ரசிகர்களிடையே நெடுங்காலம் ஒரு கதை. மயக்க மருந்து கொடுத்தபோது சுவாசக் குழாயைச் சரியாகப் பொருத்த முடியாமல் போனதே காரணம் என்று பிற்பாடு ஒரு மருத்துவப் பேராசிரியர் எழுதினார். எப்படியானாலும், கர்ப்பிணி மனைவி இருபத்து சொச்ச வயதில் விதவையானார். மகள் பிறந்தது மறு வருடம்.

அஞ்சலிச் செய்திகளில் பிறந்த ஊர் நாகசாகி என்றே இருந்தது. கொரியர் என்ற உண்மை ஜப்பானில் பொதுவெளிக்கு வந்து பரவலாகப் பேசப்பட, அவர் இறந்து பல வருடங்கள் ஆயின. 2004ல் கொரியாவும் ஜப்பானும் சேர்ந்து அவர் வாழ்க்கையைப் படமாக எடுத்தன. அதற்குள் ஜப்பானிய ரசிகர்களில் பெரும்பாலோர் உண்மையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அவருடைய கைவெட்டைப் பார்த்துக் கண்ணீர் விட்ட தலைமுறை, பிறந்த ஊர் மாறியதால் அந்தக் கண்ணீரைத் திருப்பிக் கேட்கவில்லை.

இனோகி அரசியலுக்கு வந்து நாடாளுமன்ற மேலவை உறுப்பினர் ஆனார். குருவின் ஊர் வட கொரியா என்பதையே நுழைவுச் சீட்டாக்கிக்கொண்டு பியோங்யாங்குக்குப் போனார். குருவின் மகளைச் சந்தித்தார். 1995 ஏப்ரல் 28, 29 தேதிகளில் அங்கே மே தின மைதானத்தில் மல்யுத்த விழா நடந்தது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடியிருந்தார்கள். முகமது அலியும் வந்திருந்தார். தொழில்முறை மல்யுத்தத்தையே அதற்கு முன் பார்த்திராத கூட்டம் அது. எப்போது கைதட்டுவது என்று தெரியாமல் பெரும்பாலும் மௌனமாகவே உட்கார்ந்திருந்தது.

இரண்டாம் நாள் கடைசி ஆட்டம். அமெரிக்கர் ரிக் ஃபிளேருக்கு எதிராக 52 வயது இனோகி. குரு எழுதிவைத்த அதே பழைய கதை: ஜப்பானியரும் அமெரிக்கரும். ஜெயித்தவர் ஜப்பானியர். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் ரிக்கிடோசானின் ஊர்க்காரர்கள்.